முதுகு வலிக்கும் விளையாட்டுக் காயத்துக்கும் கைரோபிராக்டிக்: எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மற்ற மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் வலியைக் குறைக்கும் சிகிச்சை முறை. மருந்து, ஊசி, அறுவை எதுவும் இதில் இல்லை. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் இதைத் தொடங்கினார். அதுவரை அவர் காந்த வைத்தியம் செய்துவந்தவர். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காது கேட்கவில்லை. முதுகில் பிசகியிருந்த ஓர் எலும்பைத் தள்ளிவிட்டதும் அவருக்குக் கேட்கத் தொடங்கியது என்று பால்மர் எழுதிவைத்தார். முதுகெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்ற கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. காதிலிருந்து செல்லும் நரம்பு முதுகுத்தண்டு வழியாகப் போவதே இல்லை, நேராக மூளைத்தண்டுக்குச் செல்கிறது என்பதை உடற்கூறு படித்த எவரும் சொல்வார்கள்.

கொள்கை நிற்கவில்லை, ஆனால் கைவேலையில் பயன் இருந்தது. அதனால் இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே இரண்டு தரப்பாகப் பிரிந்து நடந்துவருகிறது. சர்க்கரை நோய் முதல் குழந்தையின் காதுவலி வரை எல்லாவற்றையும் முதுகெலும்பைத் திருத்திக் குணமாக்கலாம் என்று சொல்வோர் ஒரு தரப்பு. மூட்டு, தசை, முதுகு வலி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, உடற்பயிற்சியையும் சேர்த்துத் தருவோர் மற்றொரு தரப்பு. பிரிட்டனில் இத்தொழிலைக் கண்காணிக்கும் பொதுக் கைரோபிராக்டிக் குழுவே, முதுகெலும்புப் பிசகு நோய்களை உண்டாக்குகிறது என்பது வரலாற்றுக் கருத்து மட்டுமே, அதற்குச் சான்று இல்லை என்று 2010-ல் அறிவித்துவிட்டது. இந்த அத்தியாயம் இரண்டாம் தரப்பின் வேலையைப் பற்றியது. முதல் தரப்பைச் சேர்ந்தவரிடம் முதுகு வலிக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

வலி எங்கிருந்து வருகிறது

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என முதுகில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்துபோன திரிக எலும்பும் வால் எலும்பும் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் ஒரு டிஸ்க், பின்பக்கம் இடமும் வலமும் ஒவ்வொரு சிறு மூட்டு. குனியும்போது டிஸ்க்கின் மேல் பாரம் கூடுகிறது. பின்னால் வளையும்போது அந்தச் சிறு மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. உடலின் எடை இறங்கிச் சேரும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் பிதுக்கம் அதிகம்.

இடுப்பு வலியோடு வருபவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு, வலிப்பது டிஸ்க்கா, சிறு மூட்டா, தசையா என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட முடியாது. இது மருத்துவரின் குறை இல்லை. ஒரே இடத்தில் நெருக்கமாக அமைந்த இத்தனை உறுப்புகளும் ஒரே மாதிரி வலிக்கின்றன. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்தன. 50 வயதினரில் இந்த அளவுகள் 80, 60 சதவீதம். இவர்களில் ஒருவருக்கும் முதுகு வலி கிடையாது. "டிஸ்க் பல்ஜ்" என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நடையைக் குறைத்துக்கொள்பவர்களும் குனிவதற்கே பயப்படுபவர்களும் இந்த எண்களை அறிந்திருக்க வேண்டும். அந்தப் பயமே வலியை நீட்டிக்கிறது.

சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகத் தணிந்துவிடும், சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். எந்தச் சிகிச்சையின் பெருமையைக் கேட்டாலும் இதை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

மேசையில் நடப்பது

ஒழுங்காக வேலை செய்யும் கைரோபிராக்டர் முதல் நாளில் பாதி நேரத்தைக் கேள்விக்கும் பரிசோதனைக்கும் ஒதுக்குவார். வலி எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, காலுக்கு இறங்குகிறதா, முழங்காலுக்குக் கீழே போகிறதா, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா, இருமினால் தும்மினால் என்ன ஆகிறது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்பார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்குவார். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் காலின் பின்பக்கம் வழியாகச் சுரீரென்று இழுத்தால் நரம்பு வேர் அழுத்தப்பட்டிருக்க வாய்ப்புண்டு. தொடையின் பின்புறம் மட்டும் விறைத்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம்தான். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துவார், நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்கச் சொல்வார், முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியால் தட்டிப் பார்ப்பார், தொடு உணர்வு இரண்டு கால்களிலும் ஒன்றுபோல் உள்ளதா என்று ஒப்பிடுவார். இந்தப் பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் நேரே மேசையில் ஏற்றுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

இடுப்புக்கு அதிகம் செய்யப்படும் முறை இது. நோயாளி பக்கவாட்டில் படுக்கிறார். கீழ்க்கால் நீட்டியிருக்க, மேல்கால் மடங்கி அதன் பாதம் கீழ்க்காலின் முழங்கால் மடிப்பில் தங்குகிறது. சிகிச்சையாளர் ஒரு கையால் தோளை நிலைப்படுத்தி, மறு கையின் அடிப்பகுதியை இடுப்பு எலும்புக்கு மேல் வைத்து, உடலை மெல்லத் திருப்பி, மூட்டு மேலும் அசையாத எல்லைவரை கொண்டுபோகிறார். நோயாளி மூச்சை வெளியே விடும் கணத்தில் குறுகிய, வேகமான ஒரு தள்ளு. தள்ளும் தூரம் சிறிது. ஆனால் அந்த வேகத்துக்கு முன் தசை இறுகித் தடுக்க நேரம் இருக்காது. பெரும்பாலும் அப்போது "டக்" என்று நெட்டி முறியும்.

அந்தச் சத்தம் எலும்பு எலும்போடு உரசுவதால் வருவதில்லை. மூட்டுக்குள் உள்ள திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைய, வாயு வெளிப்பட்டு ஒரு வெற்றிடம் உண்டாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் நெட்டி முறிப்பதை எம்ஆர்ஐ கருவிக்குள் படம்பிடித்துப் பார்த்தவர்கள் இதைக் கண்டார்கள். சத்தம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்பதும், "எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது" என்பதும் உண்மையில்லை. திரிக எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலுள்ள மூட்டைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நுட்பமாக அளந்த 1998-ஆம் ஆண்டு ஆய்வில், எலும்பின் இடம் மாறவே இல்லை. இறுகிய தசை சற்று நேரம் தளர்கிறது, நரம்புகள் மூளைக்கு அனுப்பும் வலிச் செய்தி குறைகிறது, அதனால் அசைவு சுலபமாகிறது. சில மணி நேரமோ சில நாளோ நீடிக்கும் அந்த இளக்கத்தில் நோயாளி என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மிச்சமெல்லாம்.

தள்ளு வேண்டாம் என்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மென்மையான முறைகள் உண்டு. இரண்டாகப் பிரிந்து அசையும் மேசையில் குப்புறப் படுக்கவைத்து இடுப்பை மெல்ல வளைத்து இழுப்பது ஒன்று. ஸ்பிரிங் பொருத்திய சிறு கருவியால் தட்டுவது மற்றொன்று. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலியும் அசதியும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகின்றன, தானே போய்விடும்.

எவ்வளவு பலன் கிடைக்கிறது

புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை பற்றிய 26 ஆய்வுகளை 2017-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் தொகுத்துத் தந்தது. 100 புள்ளி வலி அளவுகோலில் சுமார் 10 புள்ளி குறைந்தது. 60-ல் இருந்த வலி 50 ஆவதுபோல. சிறிய பலன், ஆனால் உண்மையான பலன். வலி மாத்திரைகளால் கிடைப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரி, இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் சூட்டு ஒத்தடம், மசாஜ், உடற்பயிற்சி ஆகியவற்றோடு இதையும் முயலலாம் என்று பரிந்துரைத்தது. 2023 டிசம்பரில் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் நாட்பட்ட இடுப்பு வலி வழிகாட்டியிலும் இது உண்டு. இடுப்பு பெல்ட்டும், எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. நம் ஊர்களில் இவ்விரண்டும் இன்னும் தாராளமாக எழுதித் தரப்படுகின்றன. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி ஒரு நிபந்தனை வைத்தது: கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும், தனியாகத் தரக் கூடாது.

உடல் உழைப்பு மிகுந்தவர்களிடம் நடந்த ஆய்வு விளையாட்டு வீரர்களுக்கு நெருக்கமானது. அமெரிக்கப் படையினர் 750 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு கைரோபிராக்டிக்கும் பெற்றவர்களுக்கு வலியும் இயலாமையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு. 1998-ல் 321 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், இன்னொன்றுக்கு மெக்கென்சி முறைப் பிசியோதெரபி, மூன்றாவதுக்கு முதுகு வலி பற்றிய ஒரு கையேடு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டும் சமமாக உதவின. கையேட்டைவிட அவை மேல் என்றாலும் வித்தியாசம் மிகக் குறைவு. செலவில் இருந்த வித்தியாசம் பெரிது. ஆகவே அருகில் நல்ல பிசியோதெரபிஸ்ட் இருக்கும்போது கைரோபிராக்டரைத் தேடி வேறு நகரத்துக்குப் பயணம் போகத் தேவையில்லை.

டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்கும் சயாட்டிகாவில் கூடுதல் நிதானம் வேண்டும். பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ள முடியாது. ஆனால் உடலே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியவை இன்னும் அதிகமாகச் சுருங்குவதும் உண்டு. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கால் வலி தணிகிறது. இந்தக் காலத்தில் மென்மையான இழுப்பு முறை சிலருக்கு ஆறுதல் தரும். கால் மரத்துப்போவதோ பலவீனமாவதோ நாளுக்கு நாள் கூடினால், இடுப்பைத் திருப்பித் தள்ளும் முறை அறவே கூடாது. அது எலும்பு அல்லது நரம்பு அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை.

விளையாட்டுக் காயங்கள்

கைரோபிராக்டிக்குக்கும் விளையாட்டுக்கும் தொடர்பு பழையது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஆண்டிகுவா அணியோடு ஒரு கைரோபிராக்டர் சென்றார். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியும் ஒருவரை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. 2010 வான்கூவரிலும் 2012 லண்டனிலும் வீரர்கள் தங்கும் கிராமத்து மருத்துவமனையிலேயே கைரோபிராக்டர்களுக்கு இடம் கிடைத்தது. வீரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் எளிது: இதில் ஊக்கமருந்துச் சிக்கல் இல்லை, போட்டிக்கு முதல் நாள் விறைத்த முதுகை உடனே இளக்க முடிகிறது. ஆனால் வலி குறைவதும் காயம் ஆறுவதும் வேறு வேறு. விளையாட்டுக் காயத்தில் அதிகத் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

இளம் வேகப்பந்து வீச்சாளரின் இடுப்பு வலி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பந்தை விடும் நேரத்தில் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை காலின் வழியாக மேலேறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. மூன்று அசைவும் சேர்ந்து இடுப்பு முள்ளெலும்பின் பின்வளைவில் உள்ள மெல்லிய எலும்புப் பகுதியைத் திரும்பத் திரும்ப நெருக்க, அங்கே மயிரிழை முறிவு உண்டாகிறது. வலக்கை வீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், இடக்கை வீச்சாளருக்கு வலப்பக்கம். 1973-ல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி இதனால் ஆட்டத்தை விட்டு விலகி நீண்ட காலம் உடலைத் தேற்ற வேண்டியிருந்தது. இந்தியாவின் பும்ராவுக்கு 2019-ல் வந்தது 2022-ல் திரும்பி வந்தது. டி20 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போய், 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை செய்துகொண்டு, ஆகஸ்டில்தான் அவர் களத்துக்குத் திரும்பினார்.

பள்ளி அணியிலோ அகாடமியிலோ பந்து வீசும் 14, 16 வயதுப் பையன், இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, வீசும்போது கூடுகிறது, ஓய்ந்தால் குறைகிறது என்றால் அதைப் "பிடிப்பு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் அதே இடத்தில் வலிப்பது ஓர் அறிகுறி. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எக்ஸ்ரேயில் தொடக்க நிலை தெரியாமல் போகும். எம்ஆர்ஐ-யில் எலும்புக்குள் நீர்கோத்திருப்பது முன்னதாகவே தெரியும். ஜிம்னாஸ்டிக்ஸ், பளுதூக்குதல், பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கும் முதுகைப் பின்னால் வளைக்கும்போது வலித்தால் இதே கவனம் தேவை. நெட்டி முறித்து அன்றைய வலியைக் குறைத்து மறுநாள் பந்து வீச அனுப்பினால் மயிரிழை முறிவு முழு முறிவாகும். மாதக்கணக்கில் பந்துவீச்சை நிறுத்துவதுதான் இதற்கு மருந்து. பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் இது கசப்பாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பையனுக்கு முன்னால் இன்னும் இருபது ஆண்டு ஆட்டம் இருக்கிறது.

கணுக்கால் சுளுக்கில் நிலைமை வேறு. முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்: கணுக்காலின் இருபுறமும் உள்ள எலும்பு முனைகளின் பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்பதே மருத்துவமனைகளில் கேட்கும் கேள்வி. முனையில் வலித்தாலோ நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. முறிவு இல்லையென்றால், வீக்கம் வற்றிய பிறகு விறைத்த கணுக்கால் மூட்டைக் கையால் அசைத்துவிடுவது முழங்காலை முன்னால் கொண்டுபோகும் அசைவைத் திருப்பித் தருகிறது. கைரோபிராக்டரும் பிசியோவும் இதை ஒரே மாதிரிதான் செய்வார்கள். மறுபடி சுளுக்காமல் காப்பது ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது. கபடி, கால்பந்து வீரர்கள் இதைச் சில வாரமாவது தினமும் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கப் பழகுவது அடுத்த படி. அடிபட்ட அன்றே சூடாக எண்ணெய் தேய்த்து அழுத்தி வழிப்பது வீக்கத்தைக் கூட்டும்.

தொடையின் பின்தசைக் கிழிவுக்கு முதுகையும் இடுப்பையும் நெட்டி முறிப்பதால் குணம் வரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தசையைப் படிப்படியாகப் பாரம் ஏற்றிப் பழக்குவதே வழி. தோள் நழுவியவர், முழங்காலில் தசைநார் அறுந்தவர், தலையில் அடிபட்டு மயங்கியவர் ஆகியோர் கைரோபிராக்டரிடம் முதலில் போகவே கூடாது.

கழுத்து

கழுத்தில் வேகமான தள்ளு பற்றிய கேள்வி இடுப்பைவிடக் கனமானது. கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இது அரிது. கனடாவில் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வு, இந்தப் பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போனவர்கள் இருப்பதுபோலவே பொது மருத்துவரிடம் போனவர்களும் இருக்கிறார்கள் என்று காட்டியது. தமனி கிழிந்ததால் வந்த கழுத்து வலிக்காகவே அவர்கள் சிகிச்சைக்குப் போயிருக்கலாம் என்பது அதன் பொருள். என்றாலும் இந்த ஆபத்தை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014-ல் அறிவுறுத்தியது. கழுத்து வலிக்கு உடற்பயிற்சியும் மென்மையான அசைவுகளும் இருக்கும்போது, கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. நோயாளி "கழுத்து வேண்டாம்" என்று சொன்னால் நல்ல சிகிச்சையாளர் மறுபேச்சில்லாமல் ஏற்பார்.

முன்பு வராத மாதிரித் திடீரென்று கழுத்தின் ஒரு பக்கமோ பின்தலையிலோ கடும் வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், முகம் மரத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கழுத்தை யாரும் தொடக் கூடாது, நேரே மருத்துவமனை. முடி வெட்டி முடித்ததும் சலூனில் தலையைப் பிடித்து இருபக்கமும் வெட்டித் திருப்பும் வழக்கத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பரிசோதனையும் இல்லை, பயிற்சியும் இல்லை. இருக்கும் எல்லா ஆபத்தும் அதில் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தானாகக் கசிவது, மலத்தை அடக்க முடியாமை, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது: இவை முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை முழுதாக நசுங்குவதைக் காட்டும். அன்றைக்கே அறுவை தேவைப்படலாம். மேசையில் படுக்கவைத்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் தள்ளினால் அந்த நரம்புகள் திரும்பாமல் போகக்கூடும்.

காய்ச்சல், எடை குறைவு, இரவில் வேர்வை, ஓய்விலும் விடாத வலி ஆகியவை சேர்ந்து வந்தால் இந்தியாவில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். மேற்கத்திய நாட்டுப் பாடநூல்களில் இது ஓர் ஓரத்தில்தான் இருக்கும்; இங்கே அப்படியில்லை. காசநோய் அரித்த எலும்பைத் தள்ளினால் அது இடிந்து தண்டுவடத்தையே நசுக்கலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக முதுகு வலி, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கோ சிறு அசைவில் வந்த கடும் வலி, உயரத்திலிருந்து விழுந்த பிறகு வந்த வலி ஆகியவற்றுக்கும் முதலில் படம், பிறகுதான் மற்றது. நாற்பது வயதுக்குள் உள்ளவருக்குக் காலையில் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாட நடமாடக் குறைந்தால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் முடக்குவாதத்தால் கழுத்து மூட்டு தளர்ந்தவர்களும் வேகத் தள்ளு முறைக்கு ஏற்றவர்கள் இல்லை.

யாரிடம் போவது

உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டி, முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பாடமும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் 1913-லேயே உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக லூசியானா 1974-ல் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே குற்றம். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமோ பதிவுக் குழுவோ இல்லை. வாரக் கடைசிப் பயிற்சி முடித்தவரும் பலகையில் "கைரோபிராக்டர்" என்று எழுதிக்கொள்ள முடியும். ஆகவே எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று நேராகக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். வெளிநாட்டில் முழுப் படிப்பு முடித்தவரோ, கையால் செய்யும் சிகிச்சையில் மேற்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டோ கிடைத்தால் நல்லது. சமூக ஊடகத்தில் மைக்கை முதுகோடு ஒட்டவைத்து நெட்டிச் சத்தத்தைப் பதிவு செய்து காட்டுபவரைத் தேர்ந்தெடுக்க அந்தக் காணொளி ஒரு காரணமே ஆகாது.

வருகிறவர் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுப்பவர், "முதுகு வளைந்திருக்கிறது, 40 முறை வர வேண்டும்" என்று சொல்லி மொத்தப் பணத்தை முன்கூட்டியே கேட்பவர், சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்பவர், கைக்குழந்தைக்கு நெட்டி முறிப்பவர் ஆகியோரைத் தவிர்க்க வேண்டும். சாதாரண இடுப்பு வலிக்கு இரண்டு மூன்று வாரத்தில் நான்கு முதல் ஆறு முறை போதும். அதற்குள் தூக்கம், நடை, குனிந்து நிமிர்தல் ஆகியவற்றில் தெளிவான மாற்றம் இல்லையென்றால் ஏழாவது முறையால் வரப்போவதும் இல்லை. மாற்றம் தெரிந்தால் இடைவெளியைக் கூட்டி நிறுத்திக்கொள்ளலாம். வலி இல்லாத ஆரோக்கியமானவர் மாதந்தோறும் "சர்வீஸ்" போல வர வேண்டிய தேவை எதுவும் இல்லை.

சிகிச்சைக்கு இடையில்

முதுகு இளகியிருக்கும் அந்தச் சில நாட்களில் படுத்தே இருப்பது கிடைத்ததை வீணாக்கும். முதல் நாளிலிருந்தே, வலி தாங்கும் அளவுக்கு நடக்க வேண்டும். முதுகைக் காக்கும் தசைகளுக்கு மூன்று பயிற்சிகள் எளியவை: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இடுப்பின் கீழே இரு கைகளையும் வைத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலைத் தூக்கி நிறுத்துவது, கையும் முழங்காலும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றையும் பத்து விநாடி நிறுத்தி, சில முறை செய்தால் போதும். செய்த பிறகு வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை விட வேண்டும். வலி காலிலிருந்து முதுகுக்கு ஏறி ஒதுங்கினால் அது நல்ல அறிகுறி.

வீரர்கள் ஆட்டத்துக்குத் திரும்புவதை வலியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முழு அசைவு திரும்பி, இரண்டு பக்கமும் சம பலம் வந்து, நேர் ஓட்டம், திரும்பும் ஓட்டம், ஆட்டப் பயிற்சி என்று ஒவ்வொரு படியையும் மறுநாள் வலி கூடாமல் தாண்டிய பிறகே போட்டி. பந்து வீச்சாளர் வாரத்துக்கு எத்தனை பந்து என்று எழுதிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். திடீரென்று எண்ணிக்கை எகிறும் வாரத்தில்தான் முதுகு உடைகிறது.

இடுப்பு வலி ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வருவது வழக்கம். அதைத் தள்ளிப்போட என்ன செய்யலாம் என்று ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டி, பிசியோவின் ஆலோசனையோடு தொடர்ந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுவளவாக 208 நாள் ஆனது. அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாள். கைரோபிராக்டரிடம் போகிறவரும் போகாதவரும் இதைச் செய்யலாம். ஒரு ஜோடி செருப்பைத் தவிர வேறு செலவில்லை.